புக்கி விற்கும் ‘அக்கா’: பெருக்கிப் பார்த்தால் என்ன தேறும்?

பிரிட்டிஷ் புக்கிகள் (பந்தயப் பணம் வாங்கும் கடைக்காரர்கள்) கால்பந்து ரசிகர்களிடம் கூவிக் கூவி விற்கும் சரக்கு அக்குமுலேட்டர். அங்கே செல்லமாக ‘அக்கா’ என்பார்கள். நம் அக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாலைந்து ஆட்டங்களை ஒரே சீட்டில் கோர்க்க வேண்டும். எல்லாம் ஜெயித்தால்தான் பணம். ஒன்று சறுக்கினாலும் சீட்டு குப்பைக்கு.

விலையை, அதாவது ஜெயித்தால் எவ்வளவு தருவார்கள் என்ற விகிதத்தை, படிப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். 5/2 என்பது பாதக விகிதம்: தோல்விக்கு 5 பங்கு, வெற்றிக்கு 2 பங்கு. ஆகவே நிகழ்தகவு 2/7, அதாவது 28.6%. 2/5 என்று போட்டால் 40% வரும், அது தப்பு. கோர்க்கும்போது இன்னொரு வழுக்கல். 2/1, 3/1 இரண்டையும் சேர்த்தால் 6/1 அல்ல. ஒவ்வொன்றோடும் 1 கூட்டி 3 × 4 = 12; கட்டிய பணமான 1-ஐக் கழித்தால் 11/1. 2.10 போன்ற தசம விலையில் கட்டிய பணமும் அடக்கம் என்பதால் நேராகப் பெருக்கலாம்.

இனி சரக்கின் தரம். ஓர் ஆட்டத்தில் வெற்றி 2.10, டிரா 3.40, தோல்வி 3.60 என்று வைப்போம். தலைகீழாக்கினால் 47.6, 29.4, 27.8. கூட்டினால் 100 வராது, 104.8 வரும். அந்த 4.8தான் புக்கியின் கமிஷன். தனிச் சீட்டில் 100 பவுண்டு கட்டினால் சராசரியாக 95.4 திரும்பும். அதே மாதிரி 2.10 விலையில் ஐந்து வெற்றிகளைக் கோர்த்தால் கமிஷனும் ஐந்து முறை பெருகும்: 0.954-ஐ ஐந்து தடவை பெருக்கினால் 0.79. சீட்டில் மின்னுவது 40.84 மடங்கு, உண்மை வாய்ப்போ ஏறக்குறைய 52-இல் 1.

‘ஒன்று மட்டும் தோற்றால் பணம் வாபஸ்’ என்ற இன்ஷூரன்ஸ் சலுகை இதைச் சரிக்கட்டுமா? ஐந்தில் சரியாக ஒன்று மட்டும் தோற்கும் நிகழ்தகவு 11.6%. வாபஸைப் பணமாகவே கொடுத்தாலும் 79 + 11.6 = 90.6, தனிச் சீட்டை இன்னும் எட்டவில்லை. பெரும்பாலும் கிடைப்பது இலவசப் பந்தயக் கூப்பன்தான், அதன் மதிப்பு இன்னும் குறைவு.

லக்கி 15 வாங்குவோர் கவனிக்க: நான்கு தேர்வுகளில் 4 தனி, 6 இரட்டைக் கோர்வை, 4 மூன்று கோர்த்தவை, 1 நான்கும் கோர்த்தது என 15 பந்தயங்கள். ‘1 பவுண்டு’ என்று எழுதினால் கல்லாவில் 15 கேட்பார்கள்.

பெருக்கல் செல்லுபடியாவது சார்பிலா நிகழ்ச்சிகளுக்கு, அதாவது ஒன்றின் முடிவு மற்றதைப் பாதிக்காதவற்றுக்கு, மட்டுமே. ஓர் அணி ஜெயிப்பதும், அதே அணி வீரர் முதல் கோல் போடுவதும் ஒன்றையொன்று தூக்கிவிடும். பெருக்கி விலை கொடுத்தால் புக்கிக்கு நஷ்டம். அதனால் சாதாரண சீட்டில் ஏற்கமாட்டார்கள். ‘பெட் பில்டர்’ என்று தனியாக, பெருக்கலைவிடக் குறைந்த விலைக்கு விற்பார்கள். எதிர்ப்பக்க விலை (அது நடக்காது என்பதற்கான விலை) காட்டப்படாததால் கமிஷனைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அக்காவைவிட மோசமான சரக்கு இதுதான்.

குதிரைப் பந்தயத்தில் வேறொரு சிக்கல். 1996 செப்டம்பர் 28, இங்கிலாந்தின் ஆஸ்கட் மைதானம். ஜாக்கி ஃபிராங்கி டெட்டோரி அன்றைய ஏழு ரேஸும் ஜெயித்தார்: 2/1, 12/1, 100/30, 7/1, 7/4, 5/4, 2/1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 25,096.5; அதாவது சுமார் 25,095/1. கடைசிக் குதிரை ஃபுஜியாமா க்ரெஸ்ட் காலையில் 12/1. ஆறு ஜெயித்த சீட்டுகளின் பாரம் தாங்காமல் புக்கிகள் அதன் விலையை 2/1-க்கு இறக்கினார்கள். குதிரை அதே குதிரைதான்; மாறியது பணத்தின் போக்கு. அந்த 2/1-ஐ நிகழ்தகவாக்கி 33% என்று எடுத்துக்கொண்டால் கணக்கு கெட்டது. கடைசி ரேஸுக்கு மட்டும் காலை விலையே நின்றிருந்தால் பெருக்கல் 1,08,751-ஐத் தொட்டிருக்கும். குதிரைகளைக் கோர்ப்பதென்றால் ‘ஸ்டார்ட்டிங் பிரைஸ்’ (ரேஸ் தொடங்கும்போது இருக்கும் விலை) என்று விட்டுவிடாமல், கட்டும்போதே விலையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.