மோனோபோலி: மேயர் இல்லாத அட்லாண்டிக் சிட்டி

மோனோபோலி, தாயக்கட்டை உருட்டி இடம் வாங்கி, வீடு கட்டி, வாடகை வசூலிக்கும் பலகை ஆட்டம். அதே மாதிரியான மலேசிய ஆட்டம் சைடினா. அதை ஆடி வளர்ந்த வீடு எங்களுடையது, அதனால் இது எதற்கு இன்னொன்று என்றுதான் அக்கா கேட்டார். சுங்கை சிப்புட்டில் பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியோடு மூலைக்கு ஒருவராக ஒதுங்கிவிடுகிறார்கள், நாலு பேரை ஒரே பாயில் உட்கார வைக்கிற எதற்கும் காசு கொடுக்கலாம் என்று வாங்கிவிட்டேன்.

வாங்கும்போது பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், லண்டன் தெருக்கள் உள்ள பதிப்பும் உண்டு. நான் தேடியது அமெரிக்கப் பதிப்பு. அதிலுள்ள போர்ட்வாக், பார்க் பிளேஸ், பால்டிக் எல்லாம் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் இருக்கிற நிஜத் தெருக்கள். (மார்வின் கார்டன்ஸ் மட்டும் பக்கத்து ஊர், அதுவும் எழுத்துப் பிழையோடு.)

ஆட்டம் நன்றாகவே போகிறது, ஆனால் நீளம். பெட்டியில் கட்டுவதற்கு 32 வீடு, 12 ஹோட்டல். போர்ட்வாக்கில் ஒருவர் ஹோட்டல் கட்டிவிட்டால் வாடகை 2,000, அப்புறம் மற்றவர்கள் அழாத குறைதான். எங்கள் வீட்டில் ஆட்டக் காசைப் பார்த்துக்கொள்ளும் பேங்க் மாமாதான். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர், தாள்களை நிறம் பிரித்து அடுக்கி, கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான் எண்ணுவார். நடுவில் அக்கா மகள், "தாத்தா, பேங்க்ல காசு தீர்ந்துபோச்சே, இப்ப என்ன?" என்றாள். விதிப்புத்தகத்தைப் பார்த்தால், பேங்க் ஒருநாளும் போண்டியாகாது, தாள் போதாவிட்டால் வெற்றுத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்கிறது.

நிஜ அட்லாண்டிக் சிட்டியில் அந்த வசதி கிடையாது. டான் கார்டியன் என்று ஒரு மேயர், எப்போதும் வில் டை கட்டியிருப்பார், குடியரசுக் கட்சிக்காரர். 2014 ஜனவரியில் பதவிக்கு வந்தார். அந்த ஒரே வருடத்தில் 12 சூதாட்ட விடுதிகளில் நான்கு மூடிவிட்டன. 240 கோடி டாலர் செலவில் கட்டிய ரெவெல்லும் அதில் ஒன்று. விடுதிகளின் மதிப்பு சரிந்தால் நகரத்துக்கு வரும் சொத்து வரியும் சரியும், அது போதாதென்று போர்காட்டா என்ற விடுதி, தான் அதிகமாகக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டது. பாக்கி 16 கோடி டாலருக்கு மேல்! 2016 நவம்பரில் மாநில அரசே நகர நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. போர்காட்டா 2017-ல் 7.2 கோடிக்கு இறங்கி வந்தது, ஆனால் அதே வருடத் தேர்தலில் கார்டியன் தோற்றுப்போனார். அவரைத் தோற்கடித்து வந்த ஃபிராங்க் கில்லியம், பிள்ளைகளின் கூடைப்பந்துக் குழுவுக்குச் சேர்ந்த 87,000 டாலரைச் சுருட்டியதை ஒப்புக்கொண்டு 2019-ல் பதவி விலகினார். இதில் எனக்குக் கார்டியன்மேல்தான் பரிதாபம். விடுதிகளை மூடியவர் அவரில்லை, பில் மட்டும் அவர் மேசைக்கு வந்தது.

நான் இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். "தோட்டத்தை வித்துட்டா பட்டணத்துல மளிகைக் கடைக்காரன் என்ன ஆவான்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார். பக்கத்து லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், காலியானபோது கணக்கு எழுதியவர் அவர். மலேசியாவில் நமக்கோ 1965-ல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தியதிலிருந்து நகராண்மைக் கழகத் தலைவருக்கு ஓட்டுப் போடும் வேலையே இல்லை, திட்டுவதற்கு மட்டும் ஆள் இருக்கிறார்.

அதனால் நாங்களே ஒரு மேயரைச் சேர்த்தோம். ஒவ்வொரு ஹோட்டலும் சுற்றுக்கு 50 வரி கட்டும், அந்தப் பணத்தில்தான் ஒரு சுற்று முடித்துத் தொடக்கக் கட்டத்தைத் தாண்டும்போது எல்லாருக்கும் கிடைக்கும் 200 சம்பளம். அக்கா மகன் மேயர். இரண்டு பேர் ஹோட்டலை விற்றதும் பையனுக்குச் சம்பளம் போடக் காசில்லை, "எனக்கு வேண்டாம், ராஜினாமா" என்று எழுந்து மைலோ குடிக்கப் போய்விட்டான்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒருவர் வேண்டாம் என்று விட்ட இடத்தைக் கட்டாயம் ஏலம் விடுங்கள், விதியே அதுதான், பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபிரீ பார்க்கிங் என்ற கட்டத்தில் நிற்பவருக்குக் கொடுக்கவென்று காசு சேர்த்து வைக்காதீர்கள், ஆட்டம் விடிய விடிய இழுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு சைடினாவே போதும்.