பழைய காரின் செல்ஃப் கோளாறும் 250 ரூபாய் மல்டிமீட்டரும்

டிடி-830டி என்ற எண்ணோடு மின்சாமான் கடைகளில் தொங்கும் மஞ்சள் நிற மல்டிமீட்டரைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரே அச்சில் பலர் செய்து விற்கும் பொருள் அது. எனக்குக் கிடைத்ததன் அட்டையில் தயாரித்தவர் பெயர்கூட இல்லை. வீட்டு வேலைக்கென்று தூத்துக்குடியில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். ஆனால் கடந்த ஓராண்டில் அது பெரும்பாலும் என்னுடைய பழைய கார்புரேட்டர் மாருதி 800-இன் பானெட்டுக்கு அடியில்தான் உழைத்திருக்கிறது. ஆகவே காருக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோளாறைச் சொல்ல வேண்டும். காலையில் சாவியைத் திருப்பினால் சில நாள் செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், முனகிக்கொண்டே சுற்றும். சில நாள் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடும். முதலில் பார்த்த மெக்கானிக் பேட்டரி போய்விட்டது என்றார். புதிய பேட்டரி போட்டும் ஒரே வாரத்தில் பழைய கதை திரும்பியது. அடுத்தவர், செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆர்மேச்சரையும் (உள்ளே சுழலும் பாகம்) அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களையும் மாற்ற வேண்டும் என்று தொகையையும் சொல்லிவிட்டார். இருவருமே மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு தடயம் வெளிப்படையாகவே இருந்தது: செல்ஃப் முனகும்போது ஹெட்லைட் மங்கவில்லை. பேட்டரி சோர்ந்திருந்தாலோ மோட்டார் உள்ளே இறுகியிருந்தாலோ விளக்கு சட்டென்று மங்கியிருக்கும். மங்காமல் இருந்ததால், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று சந்தேகித்தேன்.

அந்த அடைப்பைத் தேடும்போது புதிதாக மீட்டர் வாங்கிய எல்லோரும் செய்யும் தவற்றை நானும் செய்தேன். மின்சாரம் செல்ல வழி இருந்தால் கத்தும் பஸ்ஸர் குறிக்குக் குமிழைத் திருப்பி, பேட்டரி கேபிளின் இரு முனைகளிலும் மீட்டர் வயர்களின் முள்ளை வைத்தேன். ‘கீ’ என்று கத்தியது. கேபிள் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். செல்ஃப் சுற்றும்போது சிறிய காரில்கூட 100 ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம் பாயும். அந்த நிலையில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் காணாமல் போகும். இந்த மீட்டரின் மிகக் குறைந்த ஓம் வரம்பு காட்டக்கூடிய மிகச் சிறிய அளவோ 0.1 ஓம், அதன் சிவப்பு, கறுப்பு வயர்களின் தடையே அதைவிட அதிகம். பத்து இழை அறுந்து ஓர் இழை மிஞ்சியிருக்கும் கேபிளுக்கும் பஸ்ஸர் கத்தத்தான் செய்யும். அதனால் செல்ஃப் சுற்றில் பஸ்ஸரை நம்பக்கூடாது. 1,000 ரூபாய் மீட்டராக இருந்தாலும் இது பொருந்தும்.

இந்த மலிவான மீட்டர் உண்மையிலேயே கைகொடுப்பது 20 வோல்ட் டிசி வரம்பில். 0.01 வோல்ட் வரை அது காட்டும்; நம் வேலைக்கு அவ்வளவு போதும். மீட்டரோடு, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப இன்னொருவரும் வேண்டும். இக்னிஷன் காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த்தில் மாட்டிவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் சுற்றும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். என் மகன் சாவியைத் திருப்ப, நான் ஒவ்வோர் இடமாக அளந்தேன். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ். செல்ஃப் முனகும்போது அது 11.8-க்குத்தான் இறங்கியது, 9.6-க்குக் கீழே விழுந்திருந்தால்தான் பேட்டரியைக் குற்றம் சொல்லலாம். பேட்டரியின் பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே காணாமல் போனது 0.3 வோல்ட்தான், அதில் குறையில்லை. கடைசியாக பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு முள்ளையும் இன்ஜின் பிளாக்கில் இன்னொரு முள்ளையும் வைத்தபோது 4.1 என்று வந்தது. அங்கே 0.2-க்கு மேல் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். 11.8-இல் இவ்விரண்டும் கழிந்து மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 7.4 வோல்ட்தான்.

பேட்டரி மைனஸிலிருந்து வந்து கியர்பாக்ஸில் மாட்டியிருந்த எர்த்து கேபிளின் லக்கை (முனையிலுள்ள உலோக வளையம்) கழற்றினேன். ரப்பர் உறைக்குள் செம்பு பச்சையாகப் பூத்துப்போய், கையால் இழுத்தவுடன் இழைகள் உதிர்ந்தன. உப்பளக் காற்றில் நிற்கும் காருக்கு இது வியப்பில்லை. விளக்குகளுக்கு பாடியில் தனி எர்த்து இருந்ததால்தான் அவை மங்கவில்லை. புதிய கேபிள் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்கிய பின் அதே இடத்தில் 0.12 வோல்ட் வந்தது. ஆர்மேச்சரைக் கழற்றவே இல்லை.

சாவி திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சுதான் சொலினாய்டு; இதே முறையில் அதன் சிறிய முனையையும் அளக்கலாம். சாவி திருப்பியபோது அங்கே பேட்டரி வோல்டேஜுக்கு நெருக்கமாக வராவிட்டால், தேய்ந்த இக்னிஷன் சுவிட்சோ அதற்குப் போகும் வயரோதான் காரணம். பழைய கார்களில் ஒரு ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரியதை இணைக்கும் சுவிட்ச்) போட்டுவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மாறாக அங்கே முழு வோல்டேஜ் வந்து, சொலினாய்டும் ‘டக்’ என்று இழுத்து, மோட்டாருக்குப் போகும் முனையில் மட்டும் ஒன்றும் வராவிட்டால் சொலினாய்டின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. அந்த முனையிலும் வோல்டேஜ் வந்து மோட்டார் அசையாவிட்டால்தான் பிரஷ்களைப் பற்றிப் பேச வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால், அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது.

மீட்டரின் குறைகள் சிறியவை அல்ல. எண்கள் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும் என்பதால் சாவி திருப்பிய அந்த முதல் நொடியின் வீழ்ச்சி பிடிபடாது; மூன்று நொடி தொடர்ந்து சுற்ற வேண்டும். பின்விளக்கு இல்லை, தானாக அணைவதும் இல்லை. உள்ளே உள்ள 9 வோல்ட் பேட்டரி சோர்ந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். ஒரு நாள் நின்ற காரில் 13.9 என்று கண்டு குழம்பியிருக்கிறேன். மிகச் சிறிய ஏசி வரம்பே 200 வோல்ட் என்பதால், ஆல்டர்னேட்டர் டயோடு கெட்டால் கசியும் சிறிய ஏசி வோல்டேஜைக் கண்டுபிடிக்க இது பயன்படாது.

எல்லாவற்றையும்விட அபாயமானது 10 ஆம்பியர் துளை. அதில் ஃபியூஸ் இல்லை. இரவில் பேட்டரியிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று அளக்கும்போது சிவப்பு வயரை அதில் செருகுவோம் (ஆடியோ நினைவகம் மட்டும் இருக்கும் பழைய காரில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்). அந்த நிலையில் யாரும் சாவியைத் தொடக்கூடாது. அளந்து முடித்தவுடன் வயரைப் பழைய துளைக்கு மாற்ற மறந்து பேட்டரியின் இரு முனைகளில் வைத்தால் அது நேரடி ஷார்ட், வயர் உருகிவிடும்.

செல்ஃப் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று அறிய விரும்புவோருக்கு, வயரைக் கவ்விக்கொண்டு மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஆனால் வீட்டு எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளப்பவை. டிசி ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும், விலையும் பல மடங்கு. என் கார் போன்றவற்றுக்கு இந்த மஞ்சள் மீட்டரே போதும் என்பேன். கூடவே வரும் மெல்லிய வயர்களை மட்டும் எறிந்துவிட்டு, முதலைக் கிளிப் உள்ள தடித்த ஜோடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சாவி திருப்ப ஆள் இல்லாத நாளில் கிளிப்பை மாட்டிவிட்டு, மீட்டரை வைப்பர் மீது சாய்த்து வைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே எண்ணைப் படித்துவிடலாம்.