டேங்க் பிரிண்டர்: கிளீனிங் பட்டனை விட்டுவிட்டுச் சோதனைத் தாளைப் பாருங்கள்

வீட்டில் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் செய்யும் சாதாரண மாடல். நான்கு டேங்க், கருப்பு பிக்மென்ட் மை (நீரில் கரையாத நுண்துகள்கள் கலந்தது), வண்ணம் மூன்றும் டை மை (நீரில் கரைந்த சாயம்). கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். நான் குறை சொல்லப்போகும் விஷயம் இந்த வகைப் பிரிண்டர்கள் பலவற்றுக்கும் பொது. நன்றாக ஓடும்போது எப்படி அடிக்கிறது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அடிப்பது கெட்டுப்போகும்போது இந்த மெஷின் நமக்கு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தாளில் கருப்பு எழுத்து நன்றாகவே விழுகிறது. லேசர் அளவுக்குக் கூர்மை இல்லை, படிக்கக் குறையும் இல்லை. பிக்மென்ட் மை என்பதால் காய்ந்த பிறகு ஈரக்கை பட்டாலும் அதிகம் பரவுவதில்லை. போட்டோ தாளில் வண்ணப் படங்கள் உண்மையிலேயே அழகு. மை சிக்கனம் பற்றிச் சொல்லவே வேண்டாம், டேங்க் பிரிண்டர் வாங்குவதே அதற்குத்தானே.

இனி குறை. இதோடு வரும் மென்பொருளில் பிரின்ட் சரியில்லை என்று எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: தாளில் மையைத் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய். கோடு விழுகிறதா? ஹெட் கிளீனிங் செய். நிறம் மாறுகிறதா? ஹெட் கிளீனிங் செய். எழுத்து கலங்கலாக இருக்கிறதா? அதற்கும் அதே. எந்த வியாதிக்குப் போனாலும் ஒரே மாத்திரையை எழுதித் தரும் டாக்டர் மாதிரி. கஸ்டமர் கேரில் பேசியவரும் டீப் கிளீனிங் போடுங்கள், கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டர் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றாரே தவிர, சோதனைத் தாள் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளீனிங் என்றால் என்ன நடக்கிறது தெரியுமா? ஹெட் வழியாக மையை உறிஞ்சிக் கழிவுக்குள் தள்ளுகிறது, அவ்வளவுதான். டீப் கிளீனிங் என்றால் இன்னும் தாராளமாகத் தள்ளும். டேங்கில் மட்டம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். என் மாடலில் கழிவு மைப் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம், அந்த விஷயத்தில் பாராட்ட வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றில் கழிவைக் குடிக்கும் பஞ்சு உள்ளேயே இருக்கும். அது நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் முடிவு செய்தால் சர்வீசுக்குத்தான் தூக்க வேண்டும்.

இந்த மெஷினில் இருக்கும் மிக உருப்படியான வசதி நாசில் செக், அதாவது ஹெட்டில் மை தெளிக்கும் நுண்துளைகள் (நாசில்) எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள். அதைத்தான் மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனுவாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு தாள். மேலே கருப்புக் கட்டம், கீழே மூன்று வண்ணப் பட்டைகள். கட்டத்தின் சின்னச் சின்னக் கோடுகளில் எங்காவது துண்டு விட்டுப்போயிருந்தால் அந்த இடத்து நாசில் மை விடவில்லை. பட்டைக்குள் வெள்ளைக் கீறல் ஓடினாலும் அதே கதை. மஞ்சளைப் பார்ப்பதுதான் கஷ்டம். வெள்ளைத் தாளில் மஞ்சள் விட்டுப்போனதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். அறையை இருட்டாக்கி, போன் திரை முழுக்க அடர் நீலப் படத்தைப் போட்டு, அந்த வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடும் என்பதால் பட்டை கருப்பாகத் தெரியும், விட்டுப்போன இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

தாள் பழுதில்லாமல் வந்துவிட்டால் கிளீனிங் பக்கமே போகாதீர்கள். கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் செட்டிங்கில்தான். போட்டோ தாளை வைத்துவிட்டுச் சாதாரணத் தாள் என்றே விட்டிருந்தால் நிறம் சோகை பிடித்தாற்போல வரும், மை திட்டுத் திட்டாக நிற்கும். போட்டோ தாளைப் புரட்டி வைத்தால் மை காயவே காயாது. மையைக் குறைத்து அடிக்கும் டிராஃப்ட் மோடில் கிடந்தால் எல்லாமே வெளிறித்தான் வரும். குடும்ப குரூப்பில் பலமுறை ஃபார்வர்ட் ஆகி வந்த படத்தைப் பெரிதாக அடித்துவிட்டுப் பிரிண்டரைத் திட்டுவதும் நடக்கிறது. ஏ4 முழுக்க நிரப்ப வேண்டும் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் படம் சுமார் 2480க்கு 3508 பிக்சல் இருப்பது நல்லது.

செங்குத்துக் கோடுகள் இரட்டையாக, பல்லிளித்தாற்போல வந்தால் அது அலைன்மென்ட். ஹெட் போகும்போதும் அடிக்கிறது, திரும்பும்போதும் அடிக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தாவிட்டால் இப்படித்தான் ஆகும். இந்த மாடலில் அலைன்மென்ட் தானாகவே செய்துகொள்கிறது, அடித்த தாளை ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தால் போதும். அருமையாக வேலை செய்கிறது. அப்புறம், கம்ப்யூட்டரிலிருந்து அடித்தால் சுத்தமாகவும் காப்பி எடுத்தால் மட்டும் கறையாகவும் வருகிறது என்றால் ஹெட்டின் மேல் பழி போட வேண்டாம், ஸ்கேனர் கண்ணாடியைத் துடையுங்கள்.

தாளில் துண்டுகள் விட்டுப்போயிருந்தால்தான் கிளீனிங். எந்த நிறம் போச்சு என்பது படத்திலேயே தெரியும். மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு) அடைத்தால் மனித முகம் பச்சை பூக்கும். சியான் (பச்சை கலந்த நீலம்) போனால் வானம் நீலம் இழந்து இளஞ்சிவப்பாகிவிடும். மஞ்சள் போனால் எல்லாம் ஊதா சாயும். ஒரு கிளீனிங், ஒரு சோதனைத் தாள். கொஞ்சம் தேறினால் இன்னொன்று. அதற்கு மேல் போகாமல் பிரிண்டரை அணைத்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காய்ந்த மை ஊறி இளகவும், உள்ளே புகுந்த காற்றுக் குமிழ் நகரவும் நேரம் வேண்டும். காலையில் அதே தாளை அடித்தால் நேற்றைவிட நன்றாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மறுபடி மறுபடி கிளீனிங் போட்டால் சில சமயம் காற்று இன்னும் உள்ளே இழுக்கப்படுவதுதான் மிச்சம்.

என்னுடையது சூட்டில் வேலை செய்யும் ஹெட். நாசிலுக்குள் ஒரு சின்ன ஹீட்டர் மையைக் கண நேரத்தில் கொதிக்கவைத்துக் குமிழாக்க, அது சொட்டை வெளியே தள்ளுகிறது. 1977-இல் கேனன் ஆய்வகத்தில் மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதில் பிறந்த யோசனை என்பார்கள். இந்த வகை ஹெட்டுக்கு மைதான் குளிரூட்டியும். மை வராத நாசிலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினால் ஹீட்டர் கெடலாம். பிறகு எந்தக் கிளீனிங்கும் உதவாது. ஆறுதல், இதில் ஹெட்டைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறது. எப்சன் போன்றவை சூட்டுக்குப் பதில் மின்சாரம் பாய்ந்தால் நெளியும் பீசோ படிகத்தைப் பயன்படுத்துகின்றன. அந்த ஹெட் பொதுவாக நீண்ட நாள் உழைக்கும், அடைத்துக்கொண்டால் கழற்றுவதுதான் சள்ளை.

அவசரத்துக்கு ஒரு வழி: கருப்பு மட்டும் அடைத்துவிட்டது, இப்போதே ஒரு பக்கம் வேண்டும் என்றால், தாள் வகையை போட்டோ தாள் என்று மாற்றிச் சாதாரணத் தாளிலேயே அடியுங்கள். பிக்மென்ட் கருப்பு வைத்திருக்கும் பல மாடல்கள் அந்த செட்டிங்கில் மூன்று வண்ணத்தையும் கலந்து கருப்பை உண்டாக்குகின்றன. எழுத்து லேசாகப் பழுப்படிக்கும், தாள் கொஞ்சம் ஈரமாகும், ஆனால் காரியம் நடக்கும். இதை அவர்கள் கையேட்டில் எங்கும் எழுதவில்லை.

எழுதியிருந்தும் யாரும் படிக்காத வரி ஒன்று உண்டு: பிரிண்டரை அதன் பட்டனில்தான் அணைக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும், மை காயாது. சுவர் ஸ்விட்சில் நேராக அணைத்தால் ஹெட் பாதி வழியில் திறந்தபடியே நிற்கக்கூடும். வீட்டில் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். என் வீட்டில் சுவிட்ச் பக்கத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

வாரம் ஒருமுறையாவது வண்ணத்தில் ஏதாவது அடிப்பவர்களுக்கு இந்த வகைப் பிரிண்டரைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்து திடீரென்று ஒருநாள் நாலு பக்கம் அடிப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். கருப்பு வெள்ளை லேசர் வாங்கிக்கொள்ளுங்கள். டோனர் வெறும் தூள், காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. போட்டோவை வெளியே கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.