சைப்பை: இருபரிமாணச் சிதறல் கணக்குக்கு எப்படி?

மதுரைக் கல்லூரிகளில் மூலக்கூறுச் சிதறலில் எம்.எஸ்சி. புராஜெக்ட் எடுப்பவர்கள் பைத்தான் மொழிக்கான இந்த இலவச அறிவியல் நிரல் நூலகத்தைத் தாராளமாக நம்பலாம். இயல்பு அமைப்புகளை மட்டும் அப்படியே விடாதீர்கள்.

இருபரிமாணத்தில், விலக்கல் இல்லாத ஈர்ப்புப் பள்ளம் எவ்வளவு ஆழம் குறைந்தாலும் ஒரு பிணைப்புநிலை (துகள் பள்ளத்தில் சிக்கியிருக்கும் நிலை) உண்டு. ஆனால் அதன் ஆற்றல் அடுக்குக்குறி வேகத்தில் சுருங்கும். சமன்பாட்டின் மூலம் தேடும் 'பிரென்ட்கியூ' (brentq) சார்பின் இயல்பு எக்ஸ்டால் (xtol, விடையில் அனுமதிக்கும் பிழை) 2×10⁻¹². ஆற்றல் 10⁻¹⁵ என்றால் விடையே அதில் மூழ்கிவிடும்! அலைச்சார்பின் தேய்வு மாறிலியான கப்பாவின் மடக்கையை மாறியாக வைத்துத் தேடுங்கள். பெரிய பெட்டி போட்டு ஓரத்தில் அலைச்சார்பைப் பூஜ்யமாக்குவது வீண் வேலை. வான்டர்வால்ஸ் வால் (மூலக்கூறுகளுக்கிடையே தொலைவில் நீளும் மெல்லிய ஈர்ப்பு) ஓய்ந்த இடத்தில், தொலைவில் தேய்ந்து மறையும் கே0 (K₀) பெசல் சார்போடு பொருத்துவதே சரி. வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் 'சால்வ்_ஐவிபி' (solve_ivp) சார்பின் இயல்பு ஆர்டால் (rtol, சார்புப் பிழை வரம்பு) 10⁻³ போதாது, 10⁻¹⁰ வையுங்கள்.

சரிபார்க்க: பிணைப்பு மெலிந்த நிலையில் கப்பாவையும் சிதறல் நீளத்தையும் (பூஜ்ய ஆற்றலில் வெளி அலைச்சார்பை ln(r/a) என எழுதும்போது வரும் a) பெருக்கினால் 1.123 வர வேண்டும்.