முத்தமா, சூயிங்கமா, வாய் கொப்பளிப்பதா: வாயின் அமிலத்தை எது தணிக்கும்?

முத்தமிடும்போது உமிழ்நீர் பெருகும், அது அமிலத்தைக் கழுவிவிடும், ஆகவே பல்லுக்கு நல்லது என்ற வாதம் பிப்ரவரி பிறந்தால் தவறாமல் தலைகாட்டுகிறது. இதன் முதல் பாதி சரி. முடிவுதான் அவசரமானது.

இனிப்பு உண்ட சில நிமிடங்களில், பல்லின் மேல் படிந்த படலத்திலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. அப்படலத்தின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. அது மீண்டும் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். இவ்வாறு மீட்டுத் தருவது உமிழ்நீரிலுள்ள, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லிலிட்டர் சுரக்கும் உமிழ்நீர், மெல்லும்போது பல மடங்கு பெருகுவதோடு, வேகமாகச் சுரக்கச் சுரக்க அதில் பைகார்பனேட்டின் செறிவும் கூடுகிறது.

சர்க்கரையில்லாத சூயிங்கத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. சாப்பிட்ட பின் 20 நிமிடம் மெல்லுமாறு பல் மருத்துவர்கள் சொல்வது, பி.எச். தாழ்ந்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை அது ஈடுகட்டும் என்பதால்தான். முத்தத்தில் மெல்லும் வேலையும் இல்லை, அவ்வளவு நேரமும் நீடிப்பதில்லை (விதிவிலக்கானவர்கள் மன்னிக்க). தண்ணீரால் கொப்பளிப்பது அமிலத்தை நீர்க்கச் செய்து உணவுத் துணுக்குகளை வெளியேற்றும், ஆனால் பைகார்பனேட்டைப் போல அமிலத்தை முறிக்காது. எனினும் எலுமிச்சைச் சாறோ குளிர்பானமோ குடித்த உடனே பிரஷை எடுப்பதைவிட அதுவே மேல். தாடை மூட்டில் வலி உள்ளவர்களுக்கும் சூயிங்கத்தைவிட அதுவே பொருந்தும். அமிலத்தை மட்டும் கணக்கில் கொண்டால் சூயிங்கம் முதலிடம், கொப்பளிப்பு இரண்டாமிடம், முத்தம் கடைசி என்பேன்.

முத்தத்தை மற்ற இரண்டிலிருந்தும் வேறுபடுத்துவது, அதில் இன்னொருவரின் உமிழ்நீரும் வந்து சேர்வது. நெதர்லாந்தில் 21 இணைகளை வைத்து நுண்ணுயிரியலாளர் ரெம்கோ கோர்ட்டின் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, 10 வினாடி நெருக்கமான முத்தத்தில் ஏறத்தாழ 8 கோடி பாக்டீரியாக்கள் இடம் மாறுவதாகக் கணக்கிட்டது. இணைகளில் ஒருவருக்குப் புரோபயாட்டிக் தயிர்ப்பானம் கொடுத்து, அதிலுள்ள பாக்டீரியா மற்றவர் வாய்க்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்த்தார்கள். எண் மலைக்க வைக்கிறது. ஆனால் ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரிலேயே சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருப்பதை நினைத்தால் மலைப்பு அடங்கிவிடும். பெரியவர்களின் வாயில் ஏற்கெனவே குடியேறியவை இடத்தைப் பிடித்திருப்பதால், புதிதாக வருபவை வேரூன்றுவது எளிதன்று.

குழந்தையின் வாய் அப்படியல்ல. பால் பற்கள் முளைக்கும் பருவத்தில், சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா பெரும்பாலும் தாயின் எச்சில் வழியாகவே வந்து தங்குகிறது. வாயில் முத்தமிடுவதும், சோறு ஊட்டும் கரண்டியைச் சுவைத்துப் பார்ப்பதும் அதற்கு வாசலாகலாம். உதட்டில் அக்கி வந்திருக்கும் பெரியவர், அதுவும் முத்தத்தில் தொற்றும் என்பதால், அது முழுதும் ஆறும் வரை குழந்தையை முத்தமிடவே கூடாது.