ஏடிவி வண்டிக்கு வின்ச் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் தோப்பு வேலைக்கோ கடற்கரை மணலுக்கோ ஏடிவி (மணலிலும் சேற்றிலும் ஓடும் நாலு சக்கர வண்டி) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரியில் உள்ள ஒரு உதிரிபாகக் கடை, புதைந்த வண்டியை ரோப்பால் இழுத்து எடுக்கும் மோட்டாரான வின்ச்சில், 2000 பவுண்டு இழுப்பதை 3500 பவுண்டு என்று சொல்லி எங்கள் தலையில் கட்டியது. இரும்புத் தகட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, எஞ்சினைக் காக்கும் அலுமினிய அடித்தகடு என்று வண்டிக்கு அடியில் மாட்டியது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. வின்ச்சின் ஒயர் ரோப் (இரும்புக் கம்பிக் கயிறு) அறுந்து கொக்கி என் மாமாவின் தலையை உரசாத குறையாகப் பறந்தது. இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது.

வண்டி மாமாவுடையது. சவுக்குத் தோப்பு கடலூர் முதுநகருக்குத் தெற்கே, உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. உரமூட்டை, வெட்டிய மரம், தண்ணீர்க் கேன் எல்லாம் அந்த வண்டியில்தான் போகும். அங்கே வண்டிக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, ஆற்றோரச் சேற்றில் புதைவது. இன்னொன்று, சவுக்கு வெட்டிய பிறகு தரையோடு நிற்கும் அடிக்கட்டை. மேலே சருகு மூடிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. வேகமாக ஏறினால் நேராக எஞ்சினுக்கு அடியில் ஆயில் இருக்கும் சேம்பரில் இடிக்கும். சேம்பர் உடைந்து ஆயில் ஒழுகியது தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் எஞ்சினே போய்விடும். அதனால் வின்ச்சும் அடித்தகடும் எங்களுக்கு ஆடம்பரம் கிடையாது.

என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனோம். வண்டி, ஆள், சுமை எல்லாம் சேர்த்து 600 கிலோ வரும். வின்ச்சின் இழுவைத் திறன் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்தக் கணக்கில் 900 கிலோ, அதாவது 2000 பவுண்டு. ஆனால் அது கெட்டித் தரைக்குத்தான். சேறு சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும்போது அது போதாது. மேலும், பெட்டியில் போட்டிருக்கும் திறன் டிரம்மில் ரோப் ஒரே அடுக்காக இருக்கும்போது கிடைப்பது. ரோப் அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற இழுவை குறையும், கடைசி அடுக்கில் கால் பங்குக்கு மேல்கூடக் குறையலாம். அதனால்தான் 3500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1590 கிலோ இழுப்பது வேண்டும் என்று கேட்டோம்.

கடைக்காரர் பெட்டியைக் காட்டினார். வெளியே பெரிய எழுத்தில் 3500. மாமா பிரித்துக் காட்டச் சொன்னார்.

"சீல் உடைச்சா வாரண்டி போயிடும் சார். ஒர்க்‌ஷாப்புல பசங்க பிரிச்சு மாட்டித் தந்துடுவாங்க. நீங்க வண்டிய மட்டும் விட்டுட்டுப் போங்க."

இந்தப் பேச்சைக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வாங்குகிறவர் கண்ணெதிரே பெட்டியைப் பிரிப்பதால் எந்த வாரண்டியும் போகாது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் அடைத்து வரும் பொருளின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரே இல்லை. கேட்டதற்கு, "எல்லாரும் இதான் சார் வாங்குறாங்க" என்ற பதில்தான் வந்தது.

நாங்கள் அங்கேயே எழுந்து வராமல் அதையே வாங்கி மாட்டிக்கொண்டோம். பிறகு மழை விட்ட ஒரு காலையில் வண்டி ஆற்றோரம் அச்சு வரை புதைந்தது. பெரிய சவுக்கு மரத்தின் அடியில், தரையை ஒட்டி நாடாப் பட்டையைச் சுற்றி, கொக்கியை மாட்டி இழுத்தோம். வண்டி அசைந்தது, பிறகு நின்றது. மோட்டார் முனகியது. அடுத்த நொடியில் ரோப் அறுந்தது. ரோப்பின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைத்திருந்தோம். அந்தப் பாரம் இல்லாவிட்டால் கொக்கி எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மாமா நின்ற இடத்துக்குப் பக்கத்து மரத்தில் அடித்து மரப்பட்டையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது.

அறுந்த ரோப்பை எங்களுக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் வெர்னியர் என்ற அளவுகோலை வைத்து ரோப்பின் தடிமனை அளந்தார். 4 மி.மீ. "தம்பி, இத வச்சா 3500 பவுண்டு இழுக்கச் சொன்னான்?" என்று கேட்டார். 4 மி.மீ. ஒயர் ரோப் புத்தம் புதிதாக இருக்கும்போதே 1300 கிலோவுக்கு மேல் தாங்காது. 1590 கிலோ இழுக்கும் வின்ச்சில் அதற்கு முன்பே அறுந்துபோகும் ரோப்பை எந்த நல்ல கம்பெனியும் சுற்றி அனுப்பாது. அந்தத் திறனுக்கு ஏறக்குறைய 5 மி.மீ. ரோப் வரும், அது 1900 கிலோ அளவுக்குத் தாங்கும். பிறகு மோட்டாரின் மேலிருந்த ஸ்டிக்கரை அண்ணன் நகத்தால் பெயர்த்தார். அடியில் கம்பெனிக்காரன் பொறித்த தகடு இருந்தது. 2000 பவுண்டு என்று தெளிவாகப் போட்டிருந்தது.

இன்னொரு தந்திரமும் ஊரில் நடக்கிறது. சில மலிவு வின்ச்களில் பெரிய எழுத்தில் இருப்பது, சக்கரத்தில் உருண்டு வரும் வண்டியை இழுக்கும் கணக்கு. நேர் இழுவைத் திறன் அதில் பாதிகூட இருக்காது. கடையில் "நேர் இழுவை எவ்வளவு, முதல் அடுக்கிலா?" என்று கேளுங்கள்.

அன்றைக்கே சந்தேகம் வந்து அடித்தகட்டையும் கழற்றினோம். பில்லில் 5 மி.மீ. அலுமினியம். காந்தத்தை வைத்ததும் ஒட்டிக்கொண்டது. அளந்தால் 2 மி.மீ. இரும்பு. இதில் உள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள். 5 மி.மீ. அலுமினியம் ஒரு சதுர மீட்டர் 13.5 கிலோ வரும், 2 மி.மீ. இரும்பு 15.7 கிலோ. கையில் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் வளையாமல் நிற்கும் தன்மையில் அந்த அலுமினியம் இந்த இரும்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். எங்கள் தகடு ஒரு கட்டையில் இடித்ததிலேயே மேலே குழிந்து சேம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு இடி விழுந்திருந்தால் அந்தத் தகடே சேம்பரை உடைத்திருக்கும்.

மாட்டிய விதமும் மோசம். சேஸில் கம்பெனி வைத்திருக்கும் துளைகளை விட்டுவிட்டு, புதிதாகத் துளை போட்டுத் தகர ஸ்க்ரூவால் முடுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூ தலைகள் கீழே துருத்திக்கொண்டிருந்தன; எந்தக் கட்டையிலும் அவைதான் முதலில் மாட்டும். தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இல்லை. உப்பு மணல் உள்ளே தங்கி, பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு. ஆயில் மாற்ற வேண்டுமென்றால் தகடு முழுவதையும் இறக்க வேண்டும், ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டுக்கு நேராகத் துளை விடவில்லை.

ஒயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த அளவு வின்ச் முழுப் பாரத்தில் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 16 சதுர மி.மீ. செம்பு ஒயரும், பேட்டரியை ஒட்டி, மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் ஒரு பிரேக்கரும் வேண்டும். எங்களுக்குப் போட்டிருந்தது செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர். சுரண்டினால் உள்ளே வெள்ளை. பிரேக்கரே கிடையாது.

கடைக்குத் திரும்பப் போனோம். "வித்த சரக்க வாங்க மாட்டோம்னு பில்லுலயே போட்டிருக்கு சார்" என்றார்கள். அந்த வரியைக் கண்டு யாரும் அடங்கிப் போக வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் அந்தக் காலம் 30 நாள். கடை புதுச்சேரியில் இருக்கிறதே என்றும் தயங்க வேண்டாம்; நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். கடற்கரையில் ஏடிவி சவாரித் தொழில் செய்பவர்கள் மட்டும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

பில்லிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. புதுச்சேரிக் கடையின் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்க வேண்டும். எங்கள் பில்லில் இருந்தது 33, அது தமிழ்நாட்டு எண். ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் வேறு யாருடைய பெயரோ வருகிறது. பணம் கொடுப்பதற்கு முன்னால் கைபேசியிலேயே இதைப் பார்த்துவிடலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்போது வேறு இடத்தில், பெட்டியைப் பிரித்து, மோட்டார் தகட்டைப் படித்து, ரோப்பை அளந்து வாங்கியிருக்கிறோம். இந்த முறை செயற்கை நார்க் கயிறு. கடலோரத்தில் இரும்பு ரோப் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். நார்க் கயிறு அறுந்தாலும் அந்த வேகத்தில் பாயாது. ஆனால் வெயிலும் மணலும் அதற்குப் பகை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உறை போட்டு வைக்கிறோம். இரும்பு ரோப் ஓடிக் கீறல் விழுந்த உருளைகளில் அதை ஓட்டக்கூடாது, கயிறு வெளியே வரும் இடத்தில் மாட்ட வழவழப்பான அலுமினிய வாய் தனியாக வாங்க வேண்டும். கூடவே ஒரு கப்பியும் வாங்குங்கள். ரோப்பைக் கப்பி வழியாக மடக்கி வண்டியிலேயே மாட்டினால் வேகம் பாதியாகும், இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

அடியில் இப்போது 10 மி.மீ. கெட்டிப் பிளாஸ்டிக் தகடு. பாறை உள்ள இடத்துக்கு அலுமினியம் சரியாக இருக்கலாம். சவுக்குக் கட்டைக்கு என் ஓட்டு பிளாஸ்டிக்குக்குத்தான்: கட்டை மேல் வழுக்கிக்கொண்டு போகிறது, துரு என்ற பேச்சே இல்லை. சைலன்சர் சூடு படாமல் தள்ளி மாட்ட வேண்டும், போல்ட் தலை தகட்டுக்குள் பதிந்திருக்க வேண்டும்.

எங்கள் மனு கடலூர் ஆணையத்தில் இருக்கிறது. பழைய வின்ச், அறுந்த ரோப், பெயர்த்த ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். நீங்கள் ஏற்கெனவே 3500 என்று சொல்லி விற்ற வின்ச் மாட்டியிருந்தால், இன்றைக்கே ரோப்பை அளந்து பாருங்கள். 4 மி.மீ. என்றால் அதை வைத்து வண்டியை இழுக்காதீர்கள். மோட்டார் மேல் ஸ்டிக்கர் இருந்தால், பெயர்க்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.