பஹ்ம்னி: இலவச மருத்துவமனை மென்பொருள் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

பஹ்ம்னியை ஒரே மென்பொருள் என்று நினைத்து இறங்கினால் முதல் மாதமே திணறல்தான். உள்ளே இருப்பவை நான்கு. மருத்துவப் பதிவுகளுக்கு ஓபன்எம்ஆர்எஸ், லேபுக்கு ஓபன்எலிஸ், பில்லிங்குக்கும் மருந்து இருப்புக்கும் ஓடூ, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு டிசிஎம்4சி. தாட்வொர்க்ஸ் நிறுவனம் இவற்றை இணைத்து உருவாக்கியது. சத்தீஸ்கரின் கனியாரியில் உள்ள ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையில் முதலில் ஓடியது. உரிமக் கட்டணம் கிடையாது.

நடுத்தர மருத்துவமனைகள் தயங்காமல் எடுக்கலாம். ஒரே நிபந்தனை, லினக்ஸும் டேட்டாபேஸும் தெரிந்த ஒருவர் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் இது நிலைக்காது.

பதிவு கவுண்டர் நன்றாக அமைந்திருக்கிறது. பிறந்த தேதி தெரியாதவரிடம் வயதை மட்டும் வாங்கினால் போதும். தேதியைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அது உத்தேசம் என்று குறிக்கவும் வழி இருக்கிறது. டாக்டர் திரையில் பழைய மருந்துகளும் லேப் முடிவுகளும் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. இதற்காகவே எடுக்கலாம்.

உண்மையான வேலை கான்செப்ட் அகராதியில், அதாவது மென்பொருள் பதிவு செய்யும் ஒவ்வொன்றுக்கும் பெயரும் விதியும் வைத்திருக்கும் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனைக்கும், நோய்க்கும், படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கான்செப்ட் வேண்டும். ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு வகை எல்லைகள் உண்டு. இயல்பு எல்லையைத் தாண்டிய எண்ணை அசாதாரணம் என்று காட்டி ஏற்றுக்கொள்ளும். முற்றெல்லையைத் தாண்டினால் ஏற்கவே ஏற்காது. முற்றெல்லையை 25 என்று வைத்திருந்தால், 12.5க்குப் பதில் 125 என்று தட்டிய கையை அங்கேயே நிறுத்திவிடும். காலியாக விட்டால் 125 அப்படியே பதிவாகும். பல இடங்களில் அந்தக் கட்டம் காலியாகத்தான் கிடக்கிறது.

இன்னொரு ஆபத்து அலகு. நோயாளியின் பதிவில் சேமிக்கப்படுவது எண் மட்டும். அலகு கான்செப்டில் இருக்கிறது. ஓராண்டு கழித்து யாராவது கிராம்/டெசிலிட்டரை கிராம்/லிட்டர் என்று மாற்றினால், பழைய 12.5 எல்லாம் ஒரே நொடியில் 12.5 கிராம்/லிட்டர் ஆகிவிடும். அந்த அளவில் ஒருவர் உயிரோடு இருப்பதே மிக அரிது. அலகு மாற வேண்டுமானால் புதிய கான்செப்டைத் திறக்க வேண்டும். பழையதைத் தொடக் கூடாது.

அடுத்தது ஒத்திசைவு. மென்பொருள்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஆட்டம் ஃபீட் வழியாக. ஒன்றில் நடந்த மாற்றங்களின் பட்டியலை மற்றொன்று வரிசையாகப் படித்துக்கொள்ளும் முறை அது. லேப் பரிசோதனையின் பெயரை ஓபன்எம்ஆர்எஸ்ஸில் சேர்த்தால்தான் ஓபன்எலிஸுக்கு ஒழுங்காகப் போகும். அவசரத்துக்கு லேப் திரையிலேயே சேர்த்தால் இரு பக்கமும் பொருந்தாது. டாக்டர் ஆர்டர் போடுவார், லேபில் எதுவும் வராது, திரையில் பிழைச்செய்தியும் இருக்காது. தோற்றுப்போன நிகழ்வுகள் டேட்டாபேஸில் 'ஃபெயில்டு ஈவென்ட்ஸ்' அட்டவணையில் குவிந்திருக்கும். தினமும் காலையில் அதைத் திறந்து பார்ப்பதை ஒருவருடைய வேலையாகவே எழுதிவைக்க வேண்டும்.

படிவங்களில் பேராசை வேண்டாம். காகித கேஸ் ஷீட்டை அப்படியே திரையில் ஏற்றினால் அறுபது கட்டங்கள் வந்து நிற்கும். ஓபி கூட்டத்தில் டாக்டர் ஒரு குறிப்புப் பெட்டியில் எல்லாவற்றையும் தட்டிவிட்டு அடுத்தவரை அழைப்பார். அறிக்கைக்கோ சிகிச்சை முடிவுக்கோ பயன்படாத கேள்வியை நீக்கிவிடலாம். தொடக்கத்தில் பதிவு, பில்லிங், பிறகு லேப், கடைசியில் டாக்டர் படிவங்கள் என்ற வரிசை நன்றாக ஓடுகிறது. காகிதத்தையும் கணினியையும் சேர்த்து ஓட்டும் காலத்துக்கு முடிவுத் தேதியை முன்பே அறிவித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் இரட்டை வேலையில் நர்ஸ்கள் சோர்ந்து, கணினிப் பக்கத்தைத்தான் கைவிடுவார்கள்.

பேக்கப்பில் பலரும் சறுக்குகிறார்கள். தரவுகள் ஒரே டேட்டாபேஸில் இல்லை. ஓபன்எம்ஆர்எஸ் இருப்பது மைஎஸ்க்யூஎல்லில். லேபும் ஓடூவும் போஸ்ட்கிரெஸ்ஸில். நோயாளி புகைப்படங்களும் ஸ்கேன் செய்த தாள்களும் தனி ஃபோல்டரில். மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். முந்தாநாள் மைஎஸ்க்யூஎல்லையும் நேற்றைய போஸ்ட்கிரெஸ்ஸையும் மீட்டெடுத்தால், ஃபீடை எதுவரை படித்தோம் என்ற குறி பிசகி, புதிய ஆர்டர்கள் லேபுக்கு வராமலே போகலாம். வேறொரு கணினியில் மாதம் ஒருமுறை முழுவதையும் மீட்டெடுத்து, பழைய நோயாளி ஒருவரின் லேப் முடிவும் பில்லும் புகைப்படமும் திறக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.